கடைசி ஆளுக்குப் பின்னால்

எங்கள் மலையூரான ஒகுதானியில் மியாகே வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் போகும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவைத்த நோட்டுகள் இருபத்து மூன்று சேர்ந்திருக்கின்றன. அவர்களைக் கூட்டிவரும் மினாகோ என்ற வழிகாட்டிப் பெண் அவ்வப்போது எங்களுக்குப் படித்துச் சொல்வாள். "ஐந்து நாள் நடையில் கால்வலி மறந்தது இந்த வீட்டில்தான்." "நாங்கள் வளைவில் மறையும்வரை அந்த அம்மா கையசைத்துக்கொண்டே நின்றார்." "தயவுசெய்து எதையும் மாற்றிவிடாதீர்கள்." மூன்றாவதைப் பக்கத்துக்கு ஒருவராவது எழுதியிருப்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாறாமல் இருப்பது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

நான் தோகுரா. பெட்டி ஓட்டுகிறவன். நடப்பவர்கள் தோளில் தண்ணீரையும் சோற்றுப் பொட்டலத்தையும் மாட்டிக்கொண்டு மலைமேல் போவார்கள். அவர்களுடைய பெட்டிகளை என் வேன் மலையைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த விடுதியில் இறக்கும். எனக்குச் சோறு போடுவது இதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் என்னைத் திட்ட வேண்டியிருக்கும்.

அந்த வீட்டுக்காரம்மா ஃபுசாயே, மரியாதையாகச் சொன்னால் ஃபுசாயே-சான், இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நகோயாவில் நூல் ஆலையில் வேலை பார்த்தவள். மரம் வெட்டும் மியாகேயைக் கட்டிக்கொண்டு வந்தாள். மகள் நாகிசாவுக்கு ஒன்பது வயதாகும்போது ஒரு தேவதாரு தப்பான பக்கம் சாய்ந்து மியாகே போய்ச் சேர்ந்தான். அவளுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. ஊர்ச்சங்கத் தலைவர் இவாமோட்டோ இன்னும் அவளை 'மியாகே வீட்டு மருமகளே' என்றுதான் கூப்பிடுகிறார். மாமனார், மாமியார், புருஷன் மூவரும் கல்லறைக்குப் போய்விட்டார்கள். மருமகள் பட்டம் மட்டும் போகவில்லை.

விடுதி நடத்த வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. எங்கள் ஊரில் ஒரு சுற்றுப்பலகை உண்டு. சங்கம் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி அதில் செருகி முதல் வீட்டில் கொடுக்கும். படித்ததற்கு அடையாளமாக வீட்டு முத்திரையைக் குத்திப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். குப்பை எடுக்கும் நாள் மாறியது, வாய்க்கால் தூர்வாரும் நாள் வந்தது, இப்படி ஏதாவது இருக்கும். யாரும் படிப்பதில்லை, குத்துவோம், தள்ளிவிடுவோம். பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்தப் பலகையில் வந்த தாள் மட்டும் வேறு மாதிரி. நடைப்பயண நிறுவனம் ஒன்று வரப்போகிறது, விருந்தினரைத் தங்கவைக்கச் சம்மதிக்கும் வீட்டார் முத்திரை இடவும் என்று இருந்தது. மற்ற ஐந்து வீட்டுக்கும் விஷயம் தெரியும். முந்தின சனிக்கிழமை குடிக்க உட்கார்ந்தபோது இவாமோட்டோவே சொல்லியிருந்தார். கைம்பெண் அந்தக் கூட்டத்தில் உட்கார மாட்டாள் அல்லவா, அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு ஓடிவந்து, ஈரக்கையோடு குத்தித் தள்ளிவிட்டாள். பலகை ஊரைச் சுற்றி ஒரே ஒரு முத்திரையோடு தலைவரிடம் திரும்பியது.

அவள் போய்ச் சொல்லத்தான் செய்தாள். "மன்னிச்சுக்குங்க, வழக்கம்போல இருக்கும்னு படிக்காம குத்திட்டேன்."

"அடடா. நிறுவனத்துக்கு லெட்டர் போயாச்சே, மருமகளே. ஒரு வருஷம் பாருங்களேன். ஊருக்கே நல்லது."

அந்த ஒரு வருஷம் பத்தொன்பது வருஷமாயிற்று. முந்தின விடுதிக்கும் மலைக்கு அந்தப் பக்கம் கடலோரத்து ஹமாசாகிக்கும் நடுவில் அவள் வீட்டைத் தவிர வேறு கூரை கிடையாது. அந்த வீடு மூடினால் நான்காம் நாள் இல்லை. நான்காம் நாள் இல்லாவிட்டால் நடையே இல்லை. என் வேன், தோஃபு கடை, கீழூர் ஊறுகாய்க்காரர்கள், பாதைக் கல் அடுக்கும் இரண்டு பேர் என்று எல்லோரும் அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அவளை யாரும் கட்டிப்போடவில்லை. பார்க்கும் இடமெல்லாம் தலை குனிந்து நன்றி சொன்னோம். அது போதாதா?

பன்னிரண்டு வயதில் நாகிசா தன் அறையை விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, அரிசி மூட்டை வைக்கும் அறையில் படுத்தாள். பள்ளி முடித்து சான்றிதழ் வாங்கிய நாளில் பத்துப் பேர் தங்கியிருந்தார்கள். அவளோடு பள்ளிக்குப் போனது நான், வேனில். கல்யாணத்தைத் திங்கட்கிழமை வைத்தார்கள், குழு இல்லாத நாள் அதுதான் என்று. அந்தப் பெண் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. முகம் சுளிக்காத பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. நல்லவர்கள். அதுதான் சிக்கலே. பன்னிரண்டு பேருக்கு மேல் வருவதில்லை. தட்டில் ஒரு பருக்கை விடுவதில்லை. குப்பையைப் பையில் கட்டி அவர்களே எடுத்துப் போகிறார்கள். குளியல் நீர் ஓடைக்குப் போகிறது என்று தெரிந்ததும் சோப்பை மாற்றிக்கொண்டார்கள். படம் எடுக்குமுன் கேட்கிறார்கள். நிறுவனமோ வருடா வருடம் ஒரு தாள் அனுப்பும்: 'எங்கள் வருகை உங்கள் வாழ்க்கைக்குத் தொந்தரவாக இருக்கிறதா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.' அதை வீடு வீடாக வாங்கி வருகிறவன் நான்தான். ஃபுசாயே-சான் ஒவ்வொரு வருடமும் 'இல்லை' என்பதில் வட்டம் போட்டுக் கொடுப்பாள்.

ஒரு தடவை கேட்டேன். "உண்மையிலேயே இல்லையா?"

"இருக்குன்னு போட்டா, என்ன தொந்தரவுன்னு எழுதச் சொல்லிக் கீழ கோடு போட்டிருக்காங்க, தோகுரா-சான்."

"எழுதுங்களேன்."

"என்னன்னு எழுதறது? சாப்பாடு நல்லா இருந்துதுன்னு சொல்றாங்கன்னா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன வருடம் கோடையில் நாகிசாவுக்குக் குழந்தை உண்டாகியிருக்கும் சேதி வந்தது. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்க்கிறவன். ஜனவரி வரை கடலில். நாகிசா நகோயாவில் தனியாக இருந்தாள். பிறந்ததிலிருந்து எதையும் கேட்காத பெண், முதல் தடவையாக ஒன்று கேட்டாள்: வலி வரும்போது பக்கத்தில் இரு அம்மா. ஃபுசாயே-சான் இதை என்னிடம் சொன்னபோது அவள் காதெல்லாம் சிவந்திருந்தது. இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் அவளைப் பார்த்ததில்லை.

நவம்பர் முழுக்க வீட்டை மூட வேண்டும் என்று கேட்க இவாமோட்டோவிடம் போனாள். துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள்.

அவர் டீயை உறிஞ்சினார். "நவம்பரா. இலை சிவக்கிற மாசமாச்சே."

"ஆமா. அதான் கேக்கவே சங்கடமா இருக்கு."

"நல்ல விஷயம்தான். ரொம்ப நல்ல விஷயம். ஆனா ஒன்பது குழு பதிஞ்சிருக்கு. அவங்க டிக்கெட் எல்லாம் எடுத்துட்டாங்களாம். தேதி எப்ப?"

"இருபத்தேழுன்னு டாக்டர் சொல்றார்."

"அப்ப இருபத்தஞ்சுலேர்ந்து நாலு நாள் குழு இல்ல. பாத்தீங்களா, சாமியே வழி விட்டிருக்கு. என்ன தோகுரா, நான் சொல்றது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டை மூடுங்கள் என்று நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "முதல் குழந்தை தள்ளித்தான் போகும்பாங்க" என்று மென்று விழுங்கினேன். மூன்று பேரும் டீ குடித்தோம். விஷயம் முடிந்தது.

குழந்தை இருபத்தேழு வரை காத்திருக்கவில்லை. பதினான்காம் தேதி புதன்கிழமை, எட்டு பேர் கொண்ட குழு காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பியது. எட்டே காலுக்கு நான் பெட்டிகளோடு போய்விட்டேன். எட்டரைக்கு ஃபுசாயே-சான் வீட்டுப் போன் அடித்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது, டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்றாள் நாகிசா. காட்டுப் பாதையில் என் செல்போன் செத்துக் கிடக்கும். ஊரில் இருந்த இரண்டு கார்களும் கிழடுகளை ஏற்றிக்கொண்டு கீழே மருத்துவமனைக்குப் போயிருந்தன, புதன்கிழமை அதற்குத்தான். நகரத்தில் இருக்கும் ஒரே டாக்சி பதினொன்றரைக்கு முன்னால் வர முடியாது என்றது, அப்புறம் மலையைச் சுற்றிப் போனால் மத்தியான ரயில் போய்விடும். ஆனால் கணவாயைத் தாண்டி நடந்தால் ஹமாசாகி ரயில் நிலையம் பதிமூன்று கிலோமீட்டர். ஒன்று ஐம்பதுக்கு நகோயா ரயில். விறகு பிளந்து, சரிவில் தோட்டம் போட்டு உரமேறிய கால் அவளுக்கு. நாலு மணி நேரம் தாராளம். ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

கல்படி தொடங்கும் இடத்திலேயே எட்டு முதுகுகளும் கண்ணில் பட்டன. பாதையில் ஒரு ஆள்தான் போகலாம். மினாகோ திரும்பிப் பார்த்தாள்.

"ஃபுசாயே-சான், யாராவது எதையாவது விட்டுட்டு வந்துட்டாங்களா?"

"இல்லம்மா. ஹமாசாகில எனக்குச் சின்ன வேலை. அப்படியே நடந்து போகலாம்னு."

"அவசரம்னா முன்னாடி போயிடுங்க. இவங்க ஆடி அசைஞ்சுதான் வருவாங்க."

"அவசரம்லாம் ஒண்ணுமில்ல. நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்."

அந்தப் பதிலை நான் எத்தனையோ நாள் அசைபோட்டுப் பார்த்துவிட்டேன். முட்டாள்தனம்தான். ஆனால் ஒகுதானியில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள், நானும்தான். விருந்தாளியை முந்திக்கொண்டு நடப்பது எங்களுக்கு வராது. வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி, காசு செலவழித்துக் கடல் கடந்து வந்தவர்களின் ஒரு நாளைக் கெடுப்பது அதைவிட மோசம். சொல்லியிருந்தால் அந்த எட்டுப் பேரும் அவள் பையைப் பிடுங்கிச் சுமந்துகொண்டு அவளோடு ஓடியிருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள்தான். அது தெரிந்துதான் அவள் சொல்லவில்லை.

எட்டுப் பேருக்கும் சந்தோஷம் பிடிபடவில்லை. இத்தனை வருடமாக வாசலோடு நின்றுவிடும் வீட்டுக்காரம்மா தங்களோடு வருகிறாள். ஒவ்வொரு எல்லைக்கல்லுக்கும் ஒரு படம். இது என்ன செடி, அது என்ன பறவை என்று கேட்க, மினாகோ மொழிபெயர்க்க, இவள் நின்று நின்று பதில் சொன்னாள். கடைசி ஆளுக்குப் பின்னால், இரண்டு அடி விட்டு, சிரித்த முகத்தோடு. கடைசி ஆள் வில்மா என்கிற டச்சுக்காரி. எழுபது வயது, முழங்கால் சரியில்லை. நூறு அடிக்கு ஒரு தடவை நின்று, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டுவாளாம். இவள் போவாளா?

கணவாய் உச்சிக்கு வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அங்கிருந்து கடல் தெரியும். பத்தொன்பது வருடமாக நோட்டில் எழுதியிருந்த அந்தக் கடலை அவள் அன்றுதான் பார்த்தாள். நேரே இறங்கினால் இன்னும் ரயிலைப் பிடிக்கலாம். அவள் வாயைத் திறக்கும்போது வில்மா அவள் தோளைப் பிடித்து ஒரு கல்லில் உட்கார வைத்தாள்.

மினாகோ சொன்னாள், "இத்தனை வருஷமா நீங்க எல்லாருக்கும் பரிமாறினீங்களாம். இன்னைக்கு அவங்க உங்களுக்குப் பரிமாறணுமாம். மறுக்கக் கூடாதாம்."

ஒருவர் குட்டி அடுப்பை எடுத்தார். ஒருவர் தண்ணீர் ஊற்றினார். காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தது. அவள் காலையில் கட்டிக்கொடுத்த கடுகிலைச் சோற்றுருண்டையையே பிரித்து, அவள் கையில் மரியாதையாக வைத்தார்கள். எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். அவள் கொதிக்கிற டீயை ஆறவிடாமல் குடித்தாள். நாக்கு வெந்துவிட்டது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

இறக்கத்தில் வில்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. ஃபுசாயே-சான் தன் தலைத்துணியை ஓடையில் நனைத்துக் கட்டிவிட்டு, தோள் கொடுத்துப் படிப்படியாக இறக்கினாள். பாதித் தூரத்தில் கீழே ரயில் ஊதிக்கொண்டு போகும் சத்தம் கேட்டதாம். "பாருங்க, குட்டி ரயில்" என்று அவர்கள் அதையும் படம் எடுத்தார்களாம்.

ஹமாசாகி விடுதி வாசலில் நான் பெட்டிகளை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மணி மூன்றாக இன்னும் பத்து நிமிடம். வரிசையின் கடைசியில், வில்மாவைத் தாங்கிக்கொண்டு ஃபுசாயே-சான் வருவதைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எட்டுப் பேருக்கும் தனித்தனியாகத் தலை வணங்கி விடைபெற்றாள். வில்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு ஃபுசாயே-சான் வேனுக்குப் பின்னால் வந்து நின்று மெல்லச் சொன்னாள்.

"தோகுரா-சான், நாகிசாவுக்கு வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா."

"எப்ப?"

"காலைல. நீங்க கிளம்பின உடனே."

கத்த வேண்டும் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கத்த முடியவில்லை. வேனில் போனால் நகோயா மூன்று மணி நேரம். ஆனால் நாலு மணிக்கு நகரத்துப் பேருந்து நிலையத்தில் வேறொரு குழுவின் பன்னிரண்டு பெட்டிகள் வந்து இறங்கும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அஞ்சு பத்துக்கு இன்னொரு ரயில் இருக்கே, ஃபுசாயே-சான்."

"ஆமா, இருக்கு. அது போதும். உங்களுக்கு நேரமாகுதே."

அவளை நடைமேடை பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு சூடான டீ டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அப்படித்தான் செய்தேன். என்னத்தை மறைப்பது?

நாலே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஃபுசாயே-சான் அப்போது அந்த பெஞ்சில்தான் இருந்தாள். நகோயா போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் உள்ளே விட்டார்கள்.

மூன்று நாள் கழித்து இவாமோட்டோ என்னை வழியில் நிறுத்தினார். முகமெல்லாம் பல். அந்த எட்டுப் பேரும் நிறுவனத்துக்கு எழுதிய அனுபவத்தை மினாகோ அவருக்கு அனுப்பியிருந்தாள். "வீட்டுக்காரம்மா தன் வேலையை எல்லாம் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க எங்களோடு நடந்தார். அவசரம் என்பதே தெரியாத வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தோம். இதற்காகத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வருகிறோம்." மாதம் ஒரு குழுவோடாவது அந்த அம்மா கணவாய் வரை நடக்க முடியுமா, அவருக்குத் தொந்தரவு இல்லாவிட்டால் மட்டும், என்று நிறுவனம் பணிவாகக் கேட்டிருந்தது.

"இன்னைக்கு மருமக வர்றாளாமே. நீயே பக்குவமா சொல்லிடு" என்றார்.

குழு வந்தாலும் வராவிட்டாலும் ஒரு மாதம் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். மூன்றே ராத்திரியில் திரும்பி வந்தாள். நிலையத்தில் அதே துணிப்பையோடு நின்றாள். வேனில் ஏறினாள். குழந்தை எப்படி என்று கேட்டேன். நல்ல முடி என்றாள். சுரங்கப்பாதை தாண்டியதும் தானாகவே ஆரம்பித்தாள்.

"நான் உள்ள போனதும் அவ கட்டில்லேர்ந்து இறங்கிட்டா, தோகுரா-சான். குழந்தை பெத்து ஒரு ராத்திரிகூட ஆகல. இறங்கி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டா. தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, உக்காருங்கம்மான்னா. சாப்பிட்டீங்களான்னு கேட்டா. டீ ஊத்திக் குடுத்தா."

"ம்."

"கோவிச்சிருந்தா பரவால்ல. ஏம்மா வரலன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா விழுந்து அழுதிருப்பேன். கேக்கவே இல்ல. உதவிக்கு வேலைக்காரம்மா ஒருத்தரை முன்னாடியே ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கா. கோடையிலேயே சொல்லி வெச்சாளாம். இன்னைக்குக் காலைல, நீங்க கிளம்புங்க, குழு வந்திருக்கும்லன்னா. நானும் எழுந்து, என்னை நல்லா கவனிச்சுக்கிட்ட, ரொம்ப நன்றின்னு குனிஞ்சு கும்பிட்டுட்டு வந்துட்டேன். என் பொண்ணை."

கண்ணாடியில் தூறல் விழுந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டி, வீட்டை மூடுங்க ஃபுசாயே-சான், இந்த வண்டியிலேயே திரும்பிப் போவோம், நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போய் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடியுங்கள் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. பின்னால் பதினோரு பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

அவள் கேட்டாள், "நான் எங்க தப்பு பண்ணேன், தோகுரா-சான்?"

"இன்னைக்குப் பதினோரு பேர்" என்றேன். "அதுல ரெண்டு பேர் மீன் தொட மாட்டாங்களாம்."

அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப தோஃபு கடையில நிறுத்திடுங்க. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

நான் வண்டியைக் கடைப்பக்கம் திருப்பினேன்.